மைக்கை யார் அணைக்க வேண்டும்?

போன இதழில், பாளையங்கோட்டையில் என் அப்பா நடத்திய பிரவுசிங் சென்டரைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். 12 கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய், பகலில் ரிசல்ட் பார்க்கிற கூட்டம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டம். பழைய நினைவாகத்தான் எழுதினேன். ஆனால் அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் எல்லாம் இன்றைக்கு நடப்பதைப் பேசுகின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் கேம் ஆடுகிறவர்களுக்கு. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

அக்கா, நான் போனில் பிஜிஎம்ஐ (குழுவாகச் சேர்ந்து சுடும் ஆட்டம்) ஆடுவேன். மைக் ஆன் பண்ணி "லெஃப்ட்ல ஒருத்தன் இருக்கான்"னு ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருத்தன் இன்ஸ்டா ஐடி கேட்பான். ஒருத்தன் போய் தோசை சுடு என்பான். மேட்ச் தோற்றால் பழி என் தலையில்தான். ஆறு மாதமாக மைக்கை அணைத்தே ஆடுகிறேன். என்னிடம் ஏதாவது தப்பு இருக்கிறதா?
*கல்லூரி மாணவி, திருப்பூர்*

இல்லை தங்கச்சி. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். 2013-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஹேலோ 3 ஆட்டத்தில் ஒரு சோதனை செய்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம்", "நல்ல ஷாட்" மாதிரி யாரையும் உறுத்தாத சின்ன வாக்கியங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் முன்கூட்டியே பதிவு செய்து, ஆட்டத்துக்கு நடுவே ஒலிக்கவிட்டார்கள். வார்த்தை ஒன்றுதான், குரல் மட்டும் வேறு. பெண் குரலுக்கு வந்த வசவு, ஆண் குரலுக்கு வந்ததைப்போல மூன்று மடங்கு. அந்தப் பெண் குரல் வணக்கம் சொன்னதைத் தவிர ஒரு பாவமும் செய்யவில்லை.

அதே ஆட்டத்தை வைத்து 2015-இல் இன்னொரு ஆய்வு வந்தது. பெண் குரலைக் கேட்டதும் அதிகம் சீறியவர்கள் யார் என்று பார்த்தால், மோசமாக ஆடிக்கொண்டிருந்த ஆண்கள். நன்றாக ஆடியவர்கள் அந்தக் குரலிடம் இதமாகவே பேசினார்கள். அடுத்த முறை உன்னைத் தோசை சுடச் சொல்கிறவனின் ஸ்கோரைப் பார். அவன் பயம் அதில் தெரியும்.

என் கதையையும் சொல்கிறேன். நான் பிளஸ் டூ முடித்த வருடம், கடை அடைக்கிற நேரத்தில் கடைசி மூலையில் உட்கார்ந்து கவுன்டர் ஸ்ட்ரைக்கின் டஸ்ட் 2 மேப்பில் ஆடுவேன், என் தம்பி பெயரை வைத்துக்கொண்டு. ஸ்கோர்போர்டில் அந்தப் பெயர் மேலே இருக்கும்வரை "யாருடா இவன், செமயா ஆடுறான்" என்றார்கள். ஒருநாள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது ஸ்கிரீனைப் பார்த்துவிட்டார்கள். அன்றைக்குக் கேட்ட வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் கேட்டது. அவர் யாரையும் அதட்டவில்லை. பேசிய பையனின் மானிட்டரை அணைத்தார், மிச்சமிருந்த 20 நிமிஷத்துக்கான காசை எண்ணிக் கையில் கொடுத்தார், கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: "அசிங்கமாகப் பேசினால் சிஸ்டம் ஆஃப்."

அந்தக் கும்பல் பத்து நாள் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பத்து நாள் வரவு குறைந்தது எனக்குத் தெரியும், அம்மா சொல்லிக்காட்டினாள். பதினோராம் நாள் வந்தார்கள், வாயைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அடுத்த மாதமே என் பெயரில் லாகின் செய்து நான் அவர்களோடு ஆடினேன்.

இத்தனை நீளமாக இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு அணைந்தது என் கம்ப்யூட்டர் இல்லை, அவன் கம்ப்யூட்டர். இன்றைக்கு ஆட்டத்துக்கு முன் கூடுகிற எல்லா லாபியிலும் நடப்பது தலைகீழ். அசிங்கமாகப் பேசுகிறவன் மைக் ஓடிக்கொண்டே இருக்கிறது, கேட்கிறவள் மைக் அணைகிறது. நீ அணைத்தது தோல்வி இல்லை, உன்னைக் காத்துக்கொண்டாய். ஆனால் அதோடு விடாதே. பேசுகிறவனை உடனே மியூட் செய், மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட் போடு. முகம் தெரியாதவர்களோடு சேராமல் நிலையான ஒரு ஸ்குவாடை, அதாவது சேர்ந்தாடும் குழுவை, தேடு, கல்லூரியிலேயே நாலு பெண்கள் நிச்சயம் இருப்பார்கள், அவர்களும் மைக்கை அணைத்துக்கொண்டு ஆடுவதால்தான் உனக்குத் தெரியவில்லை. யாராவது ஆட்டத்துக்கு வெளியேயும் துரத்தினால் அது விளையாட்டில்லை, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணைச் சொல்லால் இழிவுபடுத்துவதற்கு 79-ஆம் பிரிவும், பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78-ஆம் பிரிவும் இருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வை. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம்.

துப்பாக்கிக் குண்டுக்கு ஆண், பெண் தெரியாது. கேமில் உடல் பலமும் வேண்டாம். பிறகு ஏன் பெண்களுக்குத் தனிப் போட்டி? இது ஆண்களுக்கு அநியாயம் இல்லையா?
*பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்*

கேள்வி சரியான கேள்வி தம்பி. குண்டுக்குத் தெரியாது என்பது உண்மை. இரண்டு பெரிய ஆன்லைன் ஆட்டங்களின் பதிவுகளை எடுத்து, ஒரே அளவு நேரம் ஆடிய ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வந்தது. முன்னேறும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. ஆக, கைக்குள் ஏதோ குறை இருக்கிறது என்பதற்காகத் தனிப் போட்டி வைப்பதில்லை.

அப்படியானால் எதற்காக? 2014 ஜூலையில் நடந்ததைக் கேள். பின்லாந்தில் அசெம்ப்ளி என்ற விழாவில் ஹார்த்ஸ்டோன் போட்டி. அது சீட்டாட்டம் மாதிரி, முழுக்க மூளை வேலை. அந்தப் போட்டிக்கு "ஆண்கள் மட்டும்" என்று அறிவித்தார்கள். உலக இ-ஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம் போட்டி) கூட்டமைப்பின் போட்டிக்குத் தகுதிச் சுற்று அது, கூட்டமைப்பு ஆண் பெண் என்று பிரித்து வைத்திருந்தது, அதனால் அப்படி. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் சீக்கிரமே பின்வாங்கினார்கள். ஆண்களுக்கென்று இருந்தவை எல்லாருக்கும் திறக்கப்பட்டன, பெண்களுக்கான தனிப் போட்டிகளும் இருக்கட்டும் என்று முடிவானது.

ஐந்து வருடம் கழித்து, 2019 நவம்பரில், அதே ஹார்த்ஸ்டோனின் உலக இறுதிப் போட்டியில் ஜெயித்தவர் சீனாவைச் சேர்ந்த லி சியாவ்மெங். பெண். பரிசு இரண்டு லட்சம் டாலர். மேடையில் அவர் ஒன்று சொன்னார்: இரண்டு வருடம் முன்பு ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றபோது, பெண்ணாக இருந்துகொண்டு இந்த வரிசையில் ஏன் நிற்கிறாய் என்று பின்னாலிருந்தவர் கேட்டாராம்.

இன்னொருவர், தென் கொரியாவின் கிம் செ-யோன், ஆட்டப் பெயர் கெகுரி. 2016-இல் அவருக்கு வயது 17. ஓவர்வாட்ச் என்ற சுடும் ஆட்டத்தில் அவருடைய குறி தவறாததைப் பார்த்து, இது மனிதர் கையால் முடியாது, ஹேக் போட்டிருக்கிறார் என்று சில ஆட்டக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். ஸ்டுடியோவில், கையையும் மவுஸையும் கேமரா காட்ட, நேரலையில் ஆடிக்காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018-இல் ஓவர்வாட்ச் லீகில் ஆடிய முதல் பெண் அவர்தான். அத்தனை திறமை உள்ள ஒரு பையன் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சத்தியம் செய்ய வேண்டியிருந்திருக்குமா? யோசித்துப் பார்.

நம் ஊர் சினிமா தியேட்டரில் பெண்களுக்குத் தனி டிக்கெட் கவுன்டர் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, உன் அம்மாவைக் கேள். முண்டியடிக்கிற கூட்டத்தில் நசுங்காமல் டிக்கெட் எடுக்கத்தான் அது. உள்ளே எல்லாருக்கும் ஓடுவது ஒரே படம். வேலரண்ட் ஆட்டத்துக்கு 2021-இல் தொடங்கிய கேம் சேஞ்சர்ஸ் போட்டிகளை நான் அப்படித்தான் பார்க்கிறேன். பெண்களுக்கும், திருநங்கைகள் போலப் பாலின அடையாளத்தால் ஒதுக்கப்படுகிறவர்களுக்கும் உரியது. 2022-இல் முதல் உலகப் போட்டி பெர்லினில் நடந்தது, ஜி2 கோசன் அணி ஜெயித்தது. அந்த ஆட்டக்காரர்களுக்குப் பொதுப் போட்டியின் கதவு மூடப்படவில்லை. உன் கல்லூரியில் பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்தால் வை, ஆனால் அதைக் காட்டி மெயின் டீமுக்கு அவர்களைப் பார்க்காமல் இருந்தால், அப்போது நான் உன் பக்கம் நின்று அநியாயம் என்று சொல்வேன்.

நான் திருநங்கை. ஆறு வருடமாக ஒரே ஐடியில் ஆடுகிறேன். பழைய பெயரில், பழைய குரலில் பழகிய ஸ்குவாட். இப்போது வாழ்க்கையில் என் பெயரும் எல்லாமும் மாறிவிட்டன. புது ஐடி தொடங்கினால் யாருக்கும் தெரியாது, ஆனால் ஆறு வருட உழைப்பு போய்விடும். பழைய ஐடியிலேயே பெயரை மாற்றினால் எல்லாரும் கேள்வி கேட்பார்கள். என்ன செய்வது?
*ஈரோடு*

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "உழைப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். கேமைத் தெரியாதவர்களுக்கு அந்தச் சொல் மிகையாகப் படலாம். எனக்குப் படவில்லை. ஆறு வருடத்து ராத்திரிகள் அந்த ஐடியில் இருக்கின்றன.

1980-இல் அமெரிக்காவில் அடாரி நிறுவனம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்துக்கு நாடு தழுவிய போட்டி நடத்தியது. அந்த நாட்டின் முதல் தேசிய வீடியோ கேம் சாம்பியன் அதில்தான் உருவானார். அப்போது பதின்வயது. பிறகு கேம் எழுதும் வேலைக்கு வந்து, 1983-இல் இன்டர்பிளே நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2000-க்குப் பிறகுதான் தன்னைப் பெண்ணாக வெளிப்படுத்திக்கொண்டார். ரெபேக்கா ஹைன்மேன். இன்றைக்கு அந்த 1980 வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை ரெபேக்காவின் வெற்றி என்றுதான் எழுதுகிறார்கள். அன்று எந்தப் பெயரில் ஜெயித்தார் என்பது இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

டேனியல் பன்டன் பெரி என்று இன்னொருவர். 1983-இல் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆடுகிற "மியூல்" ஆட்டத்தை உருவாக்கியவர். கேம் என்றால் மனிதர்கள் கூடி ஆடுவது என்று நம்பியவர். 1992-இல் அவர் பெண்ணாக மாறினார். 1998-இல் இறந்தார், அதே வருடம் அவருடைய தொழில் உலகம் வாழ்நாள் சாதனைக்கான விருதைக் கொடுத்தது. இன்றைய தலைமுறையில் கனடாவின் சாஷா ஹோஸ்டின், ஆட்டப் பெயர் ஸ்கார்லெட். 2018 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்குச் சற்று முன், தென் கொரியாவின் பியோங்சாங்கில், கொரியர்களின் கோட்டை என்று சொல்லப்படும் ஸ்டார்கிராஃப்ட் 2-இல் கொரிய வீரரை இறுதியில் 4-1 என்று வென்றார்.

இதெல்லாம் எங்கோ நடந்தது, ஈரோட்டில் நடக்குமா என்று கேட்பீர்கள். அதனால் ஈரோட்டுக்கு வருகிறேன். ஸ்குவாடில் நீங்கள் மிகவும் நம்புகிற ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள், ஆட்டத்துக்கு வெளியே, போனில். அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். அவர் உங்கள் பக்கம் நின்றால், பெயர் மாற்றும் கார்டை வாங்கி அதே ஐடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். கேள்வி கேட்பவர்களுக்கு ஒரே பதில் போதும்: "இதுதான் என் பெயர்." விளக்கம் சொல்லும் கடன் உங்களுக்கு இல்லை. அந்த ஒருவர் நிற்காவிட்டால், அல்லது வெளியில் தெரிந்தால் உங்கள் வேலைக்கோ வீட்டுக்கோ ஆபத்து வரும் என்றால், புது ஐடி தொடங்குங்கள். அது கோழைத்தனம் இல்லை. விரல்கள் கற்றுக்கொண்டது ஐடியோடு போய்விடாது, மூன்றே மாதத்தில் பழைய டியருக்கு (தரநிலைக்கு) ஏறிவிடுவீர்கள்.

ஸ்குவாடில் புதிதாகச் சேர்ந்தால் முதல் கேள்வி "எந்த ஊரு?" ஊரைச் சொன்னால் "எந்தத் தெரு?" அதற்கு மேல் "நீங்க எந்த ஆளுக?" சில கில்டுகளின் (ஆட்டக்காரர் குழுக்களின்) பெயரிலேயே சாதி இருக்கிறது. போன வாரம் தோற்றதும் என் தெருவைச் சொல்லித் திட்டினான். நண்பர்கள் "கேம்தானே, விடு" என்கிறார்கள். விட்டுவிடவா?
*தென்மாவட்ட வாசகர்*

விட வேண்டாம் தம்பி.

முகம் தெரியாது, உடை தெரியாது, தொட்டுக்கொள்ளவும் முடியாது. அப்படி ஒரு இடத்திலும் தெருவைத் தேடிப் போகிறார்கள் என்றால், அது விளையாட்டின் சூடு இல்லை. தெரிந்தே வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வருவது. கடித்த பாம்பைக் கயிறு என்று உன் நண்பர்கள் சொல்வது, அவர்களைக் கடிக்காததால்.

1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. இணையத்தில் பேசியதும் பொதுப் பார்வையில் அடங்கும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. உன் வழக்கு எப்படி அமையும் என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும், ஆனால் "கேம்தானே" என்று சட்டம் சொல்லவில்லை. போனில் ஸ்கிரீன் ரெக்கார்டர் சத்தத்தோடு பதிகிறதா என்று முதலில் சோதித்து வைத்துக்கொள். தேதி, நேரம், ஐடி எண்ணைக் குறித்துவை. சாதிப் பெயர் கொண்ட கில்டைப் பெயருக்காகவே ரிப்போர்ட் செய்யலாம், நீ மட்டும் செய்யாமல் பத்து பேரைச் செய்யச் சொல். "எந்த ஆளுக" என்று கேட்டால் பதில் சொல்லாதே. "நான் ஸ்நைப்பர் எடுக்கிறேன், நீ என்ன எடுக்கிற?" என்று கேள். அந்த அறையில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

என் மகனுக்கு 14 வயது. கேமில் எப்போதும் பெண் கேரக்டரையே எடுக்கிறான், அதற்கு விதவிதமாக உடை போடுகிறான். அவன் அப்பா திட்டுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், கரூர்*

அம்மா, பையன்கள் பெண் கேரக்டர் எடுத்து ஆடுவது கேம் உலகத்தில் மிகச் சாதாரணம். திரையில் மணிக்கணக்காகப் பார்க்கப் போகிற உருவம் அழகாக இருக்கட்டும் என்று எடுப்பவர்கள் உண்டு, உடை பிடித்ததால் எடுப்பவர்கள் உண்டு. நம் ஊரில் தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுவது யார்? விடிய விடிய அழுது ஆடிவிட்டுக் காலையில் வயலுக்குப் போகிற ஆண்தானே.

அவன் உள்ளுக்குள் வேறு ஏதாவது தேடிக்கொண்டிருக்கலாமா என்றால், இருக்கலாம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, 14 வயதில் அவனுக்கே தெரியாமலிருக்கலாம். ஒன்று மட்டும் உறுதி. அப்பாவின் திட்டுக்குப் பயந்து கேரக்டரை மாற்றுகிறவன், நாளைக்கு வேறு எதையும் உங்களிடம் சொல்ல வரமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இவளுக்கு இந்தச் சட்டை நல்லாயிருக்கு, பேரென்ன?" என்று கேளுங்கள். பயப்பட வேண்டியது அந்தக் கேரக்டரைப் பார்த்து இல்லை. மைக்கில் அவனோடு பேசுகிற பெரியவர்கள் யார், காசு கேட்கிறார்களா, போட்டோ கேட்கிறார்களா, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறவியிலேயே எனக்கு இடது கை சரியாக வராது. வலது கட்டைவிரலாலும் கைரோவாலும் ஆடுகிறேன். "கைரோ போடுறது சீட்டிங்", "வேஸ்ட் பிளேயர்" என்கிறார்கள். இது சீட்டிங்கா?
*சேலம்*

கைரோ என்பது போனைச் சாய்த்துக் குறிவைப்பது. ஆட்டமே எல்லாருக்கும் கொடுத்திருக்கிற வசதி. இரண்டு கையும் உள்ள பெரிய ஆட்டக்காரர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். போனை நான்கு விரலால் ஆட க்ளா (நகம் போல) பிடிக்கிறவனை யாரும் சீட்டிங் என்பதில்லையே. ஆட்டத்தில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தால்தான் ஏமாற்று.

மைக் பெகம் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார், 2023-இல் காலமானார். பிறவியிலேயே மூட்டுகள் இறுகிய உடல், கைகளால் ஆட முடியாது. சாதாரணக் கன்ட்ரோலரை வாயால் இயக்கி ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடினார். சுன்-லி கேரக்டரில் உலகத் தரவரிசையின் உச்சத்தில் இருந்தவர். தோற்றவர்கள் தங்களைத் தோற்கடித்தது யார் என்று பார்த்துத் திகைத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2018-இல் ஓர் அடாப்டிவ் கன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்பக்கம் 19 துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்சைச் செருகி, காலாலோ முழங்கையாலோ தலையாலோ அழுத்தி ஆடலாம். நல்ல பொருள், ஆனால் வெளிவந்தபோது அங்கேயே 100 டாலர், சுவிட்சுகளுக்குத் தனிக் காசு. சேலத்தில் ஒருவர் அதை வாங்கிவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு உடனே உதவக்கூடியது பட்டன் அமைப்புதான். சுடும் பட்டன், குதிக்கும் பட்டன், ஸ்கோப் எல்லாவற்றையும் வலது கட்டைவிரல் எட்டும் வட்டத்துக்குள் இழுத்து வையுங்கள், போனை ஒரு ஸ்டாண்டில் சாய்த்து, கொஞ்சம் அசையும்படி நிறுத்துங்கள். உங்களை வேஸ்ட் என்றவனை ஒரு மேட்ச் இடது கையைப் பையில் வைத்துக்கொண்டு ஆடச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அவனுக்காக நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

கேம் ஆடுவதே எல்லாவற்றையும் மறக்கத்தான். அதில் ஏன் பெண்ணுரிமை, சமத்துவம் என்று அரசியலைக் கொண்டுவருகிறீர்கள்?
*சென்னை*

நீங்கள் மறக்கிறீர்கள் ஐயா, திருப்பூர்க்காரப் பெண்ணால் மறக்க முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கொண்டுவரவும் இல்லை. கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று வீடியோவில் பேசியதற்காக அனிதா சர்கீசியனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்தார். பேசினால் கூட்டத்தைச் சுட்டுக் கொல்வேன் என்று மின்னஞ்சல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி உரிமம் உள்ளவர்கள் அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க முடியாது என்றதும், உரையை ரத்து செய்தார். கேமைப் பற்றிப் பேச வந்தவர், சுடுவேன் என்றவன், இருவரில் ஆட்டத்தைக் கெடுத்தவர் யார்?

கேம் செய்கிற இடத்திலும் இதே கதைதான். லீக் ஆஃப் லெஜன்ட்ஸ் செய்கிற ரயட் நிறுவனத்தின் மீது அங்கு வேலை செய்த பெண்கள் சம்பளப் பாகுபாட்டுக்கும் தொல்லைக்கும் எதிராக வழக்குப் போட்டார்கள். 2019-இல் ஒரு கோடி டாலருக்கு முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். கலிஃபோர்னிய அரசு அமைப்புகள் போதாது என்று குறுக்கே நின்றன. 2021 டிசம்பரில் அது பத்து கோடி டாலரானது. நடுவில் இருந்த இரண்டு வருடம் யாரோ விடாமல் பேசியதால் கிடைத்தது அந்த ஒன்பது கோடி.

என் மகள் பத்து வயது, இங்கே பிறந்தவள். கேமில் எல்லாரும் வெள்ளைக்காரர்களாகவோ ஜப்பானியர்களாகவோ இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் வரும் கேம் உண்டா?
*ஸ்கார்பரோ, கனடா*

உங்கள் ஊர்க்காரர்களே செய்திருக்கிறார்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட "வெண்பா". 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போன படியைக் கண்டுபிடித்து நாம் சமைக்க வேண்டும். முதல் ஆட்டமே இட்லி: தட்டுகளை எப்படி அடுக்கினால் துளை வழியே ஆவி எல்லா இட்லிக்கும் ஏறும் என்று யோசிக்க வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக கேம் விருதைக் கொடுத்தது.

மகளோடு உட்கார்ந்து ஆடுங்கள். கவின் வளர்ந்து அம்மாவின் மொழியிலிருந்து விலகிப் போகிற இடத்தில் உங்களுக்கு அழுகை வரலாம். எனக்கு வந்தது. மகள் ஏன் அழுகிறாய் என்று கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.

அக்கா, நான் ஸ்குவாட் லீடர். இரண்டு வாரம் முன்பு ராண்டமாக ஒரு பெண் எங்கள் டீமில் வந்தாள். நன்றாக ஆடினாள். என் டீம்மேட், என் சொந்த மாமா பையன், அவளை ரொம்ப அசிங்கமாகப் பேசினான். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் பாதியில் வெளியேறிவிட்டாள். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. அவள் ஐடி என்னிடம் இருக்கிறது. இப்போது மன்னிப்புக் கேட்கலாமா?
*19 வயது, தூத்துக்குடி*

கேட்கலாம் தம்பி. ஆனால் முதலில் போக வேண்டியது மாமா வீட்டுக்கு.

அவனை லாபியில் வைத்துக் கேட்காதே, அங்கே கேட்டால் சிரித்துச் சமாளிப்பான். நேரில் போ. கடற்கரைக்கோ டீக்கடைக்கோ கூட்டிப் போ. "அன்னைக்கு நீ பேசுனது தப்பு, நான் சும்மா இருந்தது அதைவிடத் தப்பு. இனிமே என் ஸ்குவாட்ல அப்படிப் பேசினா மேட்ச் நடுவுலேயே உன்னை மியூட் பண்ணுவேன், அடுத்த மேட்ச் உனக்கு இன்வைட் வராது" என்று சொல். கோபப்படுவான். அத்தையிடம் போய்ச் சொன்னாலும் சொல்வான். இரண்டு வாரம் பேசாமல் இருப்பான். இருக்கட்டும். என் அப்பாவுக்குப் பத்து நாள் வரவு போனது, உனக்கு இரண்டு வாரம் மாமா பையன் போவான்.

அதைச் சொல்லி முடித்த பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பு. "அன்றைக்கு உங்களைப் பேசியபோது நான் லீடராக இருந்தும் வாய் திறக்கவில்லை. அது தப்பு. மன்னித்துவிடுங்கள்." மாமா பையனைத் திட்டிவிட்டேன் என்று பெருமை சேர்க்காதே. மறுபடி எங்களோடு ஆடுங்கள் என்று கூப்பிடாதே, ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் கொடுக்காதே. அவள் படித்தாளா, பதில் போட்டாளா என்று திறந்து திறந்து பார்க்காதே. பதில் வராவிட்டால் இரண்டாவது மெசேஜ் வேண்டாம்.

அடுத்த முறை ராண்டமாக யாராவது வந்து மைக்கில் வணக்கம் சொன்னால், முதலில் நீ பதில் வணக்கம் சொல்.